லயத்து வடிகாலில் நான் போட்ட அம்பு

இந்த மாதிரி கட்டுரைகளை அறுபது வயதில் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வயது முப்பத்து நான்கு. ஆனாலும் என் வேலை முடிந்துவிட்டது. மலேசியாவில் கேமரன் மலையின் மழைநீர் வடிகால்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றுகிற பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒப்பந்த ஊழியனாக இருந்தேன். போன மாதக் கடைசியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இனி ட்ரோன் பறந்து நிலத்தின் உயரத்தை அளக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கணினியே கணக்குப் போட்டுச் சொல்லும். அதைக் கவனிக்கப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, தைப்பிங்கைச் சேர்ந்த பெண், கேட்டாள்: "அண்ணே, இத்தன வருஷம் இந்த லோங்காங்கெல்லாம் நடந்தே பாத்திருக்கீங்க. எதாச்சும் எழுதி வச்சுட்டுப் போங்களேன்." லோங்காங் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் வடிகால்.

எழுத உட்கார்ந்தபோது எத்தனையோ நினைவுக்கு வந்தன. ஆனால் அவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது ஒன்றுதான். அது நான் செய்த தப்பு.

ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன் நான். அப்பா களைக்கொல்லி அடித்தார், அம்மா கொழுந்து பறித்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். பிறகு ஈப்போவில் நில அளவை டிப்ளோமா. படித்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மற்ற பையன்களுக்கு மடிக்கணினி இருந்தது, எனக்கு நூலகம் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவது மாதம் ஜிபிஎஸ் கருவியைக் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் வேலையைப் புரிந்துகொள்வது சுலபம். மழை பெய்தால் ஊரில் கிடக்கும் எல்லாம் கரைந்து வடிகாலுக்குள் இறங்கும். சாப்பாட்டுக் கடை எண்ணெய், லோரிச் சக்கரத்துச் சேறு, காய்கறித் தோட்டத்து உரம், எல்லாம். கடைசியில் ஆற்றுக்குப் போய்ச் சேரும். ஆற்றில் ஓரிடம் கெட்டுப்போனால், எந்த வடிகால் வழியாகக் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் வரைபடம். கெட்டுப்போன இடத்தை ஒரு முறை சொடுக்கினால், அந்த இடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வடிகால்கள் அத்தனையும் சிவப்பாக எரியும். பார்க்க மந்திரம் போல இருக்கும். ஆனால் கணினிக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஒவ்வொரு வடிகால் கோட்டிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அதற்குத் தெரிந்தது அந்த அம்பு மட்டும்.

அம்பு எப்படி விழுகிறது? கருவியோடு வடிகாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்போம். நடக்கத் தொடங்கிய முனையிலிருந்து முடித்த முனையை நோக்கிக் கணினி அம்பைப் போட்டுக்கொள்ளும். அதனால் அலுவலக விதி என்னவென்றால், தண்ணீர் வரும் மேல்முனையில் தொடங்கிக் கீழே நடக்க வேண்டும்.

நானும் சுரேஷும் அப்படி நடப்பது வழக்கமில்லை. சுரேஷ் என் கூட்டாளி, அவனும் லயத்துப் பிள்ளை. மலைச்சரிவில் எந்த வேலையையும் அடியிலிருந்து தொடங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். ஏறும்போது வேலை, இறங்கும்போது பேச்சு என்பார்கள் எங்கள் தோட்டத்தில். அதோடு, வடிகால் ஆற்றில் விழும் இடம் கண்ணுக்குத் தெரியும். அது தொடங்கும் இடமோ ஏதாவது கடையின் பின்புறம், சிமெண்டுப் பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கீழிருந்து ஏறினால் தேட வேண்டிய அவசியமில்லை. சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்ததும் அன்றைக்கு நடந்த கோடுகளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'திசை மாற்று' என்ற பொத்தானை ஒரு தட்டு தட்டுவேன். எல்லா அம்பும் திரும்பிக்கொள்ளும். இரண்டு விநாடி வேலை.

எங்கள் மேலதிகாரி சல்மா என்ற பொறியாளர்; மலாய் வழக்கப்படி புவான், அதாவது அம்மையார், சேர்த்துத்தான் சொல்வோம். எந்த அறிக்கையையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்றபடி, கையில் பென்சிலோடு படிப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. புதிய கோடு வரைபடத்தில் ஏறும் முன் மலாயில் மூன்று கேள்வி கேட்பார்: யார் நடந்தது, எந்த முனையிலிருந்து, மழை இருந்ததா. பதிலைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்வார். நாங்கள் விதிக்கு மாறாகக் கீழிருந்து நடப்பது அவருக்குத் தெரியும். "திருப்ப மறக்காதே" என்று மட்டும் சொல்வார். நான் மறந்ததே இல்லை. வினையே அதுதான்.

நான்காம் ஆண்டில் ஒரு புகார் வந்தது. நான் பிறந்த தோட்டத்துக்குக் கீழே, பள்ளத்தாக்கில் பூர்வகுடி மக்களின், நாங்கள் அஸ்லி என்று சொல்பவர்களின், குடியிருப்பு ஒன்று உண்டு. அவர்கள் தண்ணீர் எடுக்கும் ஓடை நாறுகிறது என்றார்கள். இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு கிளினிக்கில் படுத்திருந்தார்கள். தண்ணீரைச் சோதித்ததில் சாணக் கழிவு என்று வந்தது. எந்த விலங்கின் கழிவு என்று அந்தச் சோதனை சொல்லாது.

வரைபடத்தைத் திறந்து ஓடையைச் சொடுக்கினேன். ஓடையிலிருந்து சந்திப்புக் குழிக்கு, அங்கிருந்து சாலையோரமாக மேட்டுக் குழிக்கு, மேட்டுக் குழியிலிருந்து லயத்துக் குழிக்கு என்று சிவப்புக் கோடு ஓடியது. குழி என்று நான் சொல்வது, வடிகால்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இரும்பு மூடி போட்டிருக்கும் பள்ளம். லயத்துக் குழிக்குப் பின்னால் வரிசையாக மாட்டுக்கொட்டாய்கள். சாணத்துக்குச் சாணம் சரியாகப் போயிற்று. அதற்கு மேல் யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை.

கொட்டாய்களைப் பதினான்கு நாளில் அகற்ற வேண்டும் என்று அறிவிப்பு தயாரானது. சுகாதார அதிகாரியோடு வரைபடத்தைக் காட்டுவதற்காக என்னையும் அனுப்பினார்கள்.

அங்கே அதிக மாடு வைத்திருந்தது சரோஜா அக்கா. ஆறு மாடு. முழங்கால் தேய்ந்து கொழுந்து வேலையை விட்ட பிறகு அவருக்குப் பால்தான் பிழைப்பு. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த திரையையும் பார்த்தார்.

"கோபி, இது நீ போட்ட படமா?"

"ஆமாக்கா. நம்ம லோங்காங் தண்ணி மேட்டு வழியா கீழ ஓடைக்குப் போவுதுன்னு காட்டுது."

"காட்டுதா. மழ பேஞ்சா ரோட்டுத் தண்ணி மேட்டுலருந்து எங்கொட்டாய்க்குள்ள வருதுடா. இங்கருந்து எப்பிடி மேல ஏறும்? எம்மாடு என்னா மோட்டாரு வச்சா சாணி போடுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறிவிப்பு கொடுக்கப் போகும் இடத்திலெல்லாம் இப்படித்தான் சொல்வார்கள். என் தண்ணீர் அங்கே போகாது, பக்கத்து வீட்டுக்காரனுடையதுதான் போகும் என்று. அந்தச் சாலை வேறு பார்வைக்கு லயத்திலிருந்து சந்திப்புப் பக்கமாகச் சாய்ந்திருப்பது போலவே தெரியும். அக்காவிடம், "பதினாலு நாள்ல மறுபடி வந்து பாப்பாங்கக்கா, அதுக்குள்ள எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

பதினோராம் நாள் மத்தியானம் நல்ல மழை. மோட்டார் சைக்கிளில் ரிங்லெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன், லயத்துக்குச் சற்று முன்னால் பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் ஒதுங்கினேன். காலடியில் வடிகால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கியா பார்ம் சந்தைக்குப் போய்வரும் சுற்றுப்பயணிகள் வீசிவிட்டுப் போகிற ஸ்ட்ராபெரிப் பெட்டி ஒன்று, பளபளவென்று பிளாஸ்டிக், தண்ணீரில் மிதந்து வந்தது. மேட்டுக் குழிப் பக்கமிருந்து வந்தது. என்னைக் கடந்து லயத்தைப் பார்த்துப் போயிற்று.

மழையில் இறங்கி அதன் பின்னாலேயே நடந்தேன். பெட்டி லயத்துக் குழிவரை போய் மூடிக்கம்பியில் சிக்கி நின்றது. தண்ணீர் குழியில் விழுந்து, அந்தப் பக்கம் தோட்டத்துப் பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குழி நிறைந்து வழிந்ததில் கொஞ்சம் அக்காவின் கொட்டாய்க்குள்ளும் நுழைந்திருந்தது. அவர் சொன்னது அப்படியே இருந்தது. சாலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அதன் ஓரத்து வடிகாலை எந்தக் காலத்திலோ எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள்.

கொட்டாயில் ஐந்து மாடுதான் நின்றது. செவலை என்ற சிவப்புப் பசுவைக் காணோம். கெடு நெருங்குகிறதே என்று முந்தின நாள் கோலா தெர்லாவில் ஓர் ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஈரத்தோடு அலுவலகம் போய்க் களக் குறிப்பேட்டை எடுத்தேன். அந்த வடிகாலை நாங்கள் நடந்த நாளுக்கு நேரே சுரேஷின் கையெழுத்தில் இருந்தது: 'லயத்துப் பக்கம் தோட்ட லோரி ஏத்துது. வழி இல்ல. மேலருந்து எறங்குனோம்.' அன்று அந்த ஒரு வடிகாலில் மட்டும் நாங்கள் விதிப்படி நடந்திருக்கிறோம். அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல எல்லாக் கோட்டையும் தேர்ந்தெடுத்துத் திருப்பியிருக்கிறேன். சரியாக விழுந்திருந்த ஒரே அம்பும் அதோடு தலைகீழாகிவிட்டது. புவான் சல்மாவின் தாளோரத்தைத் தேடிப் பார்த்தேன். 'எந்த முனை' என்ற கேள்விக்கு நேரே, 'கீழிருந்து' என்று அவருடைய பென்சில் எழுத்து. நான் சொன்ன பதில்தான். கேள்வியைக் காதில் வாங்காமலே சொல்லியிருக்கிறேன்.

ரிங்லெட்டில் பாய் கடையில் சுரேஷைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டான். அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம்.

"யோசிச்சுப் பேசு லா. நீ போய்ச் சொன்னா என்னா நினைப்பாங்க? லயத்துப் பையன், லயத்துக்குப் பரிஞ்சு பேசுறான். மாட்டக் காப்பாத்த மேப்ப மாத்துறான். அந்தக் குறிப்பயும் இன்னைக்கி நாந்தான் எழுதுனேம்பாங்க."

"அப்ப அந்த அஸ்லிப் புள்ளைங்க? மாட்ட எடுத்தாலும் அந்தத் தண்ணி நாறிக்கிட்டுத்தான இருக்கும்? எங்கருந்தோ இன்னும் வருதுடா."

நான் கொண்டுபோயிருந்த குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினான். "கேட்டா, எழுதுனது நான்தான்னு சொல்வேன். கேக்காட்டி நானா சொல்லமாட்டேன்."

அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

புவான் சல்மா குறிப்பேட்டை ஜன்னலோரம் நின்று படித்தார். பிறகு தன் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். உன் குடும்பம் எந்த லயம் என்று கேட்டார். அதே லயம்தான், இப்போது பெற்றோர் ரிங்லெட்டில் இருக்கிறார்கள் என்றேன். பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் இனிமேல் இந்த விஷயத்தில் உன் கை படக்கூடாது" என்றார். "நாளைக் காலை சாயம் ஊற்றிப் பார்ப்போம். நீ சாலையில் நில். எதையும் தொடாதே, யாரிடமும் பேசாதே. சாயம் சந்திப்புக் குழிக்கு வந்தால், அந்த அறிவிப்பை மறுபடி கொண்டுபோய்க் கொடுப்பதும் நீதான்."

மறுநாள் பன்னிரண்டாம் நாள். தண்ணீர் லோரி வந்தது. சுகாதாரப் பிரிவிலிருந்து நான்கு பேர். நான்கு பேருமே கீழேயிருந்து, தாப்பாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள், இங்கே யாரையும் தெரியாது. ஒருவர் சந்திப்புக் குழியில், ஒருவர் மேட்டுக் குழியில், ஒருவர் தோட்டத்துப் பள்ளத்தில் வடிகால் விழும் இடத்தில். நான்காமவர் லயத்துக் குழியில் பச்சைச் சாயத்தைக் கரைத்து, லோரித் தண்ணீரைத் திறந்துவிட்டார். நால்வரிடமும், புவான் சல்மாவிடமும் கைவானொலி.

லயமே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையில் நின்றேன். சரோஜா அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"இன்னும் என்னாத்தடா ஊத்துறீங்க எங்க வாசல்ல?"

நான் வாய் திறக்கவில்லை. புவான் சல்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறன்ல? படிச்சதுல நாக்கையும் குடுத்துட்டு வந்துட்டியா?"

அக்கா ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு நகராமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முதலில் வானொலியில் வந்தது தோட்டத்துப் பள்ளத்தில் நின்றவரின் குரல். பச்சை வந்துவிட்டது என்றார். மேட்டுக் குழியில் ஒன்றுமில்லை. சந்திப்புக் குழியிலும் ஒன்றுமில்லை. புவான் சல்மா ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். லோரி காலியாகும் வரை காத்திருந்தோம். மேட்டுக்கு ஒரு சொட்டுப் பச்சைகூட ஏறவில்லை.

அப்படியென்றால் ஓடைக் கழிவு மேட்டுக் குழிக்கும் சந்திப்புக் குழிக்கும் நடுவேதான் எங்கோ சேர்கிறது. வரைபடத்தில் அந்த நடுவில் எதுவும் இல்லை. அவர்கள் நால்வரும் சிமெண்டுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கடப்பாரையால் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஏழாவது பலகையைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கவாட்டுச் சுவரிலிருந்து கை நுழையும் அளவுக்கு ஒரு குழாய். சுவருக்குப் பின்னால் காய்கறி லோரிகள் நிறுத்தும் ஒரு மைதானம். அங்கே தோட்டங்களுக்குப் போகவேண்டிய கோழிச்சாண மூட்டைகள் மழையில் நனைந்து கிடந்தன. வரைபடம் மாட்டைக் காட்டிவிட்டதால், அந்தச் சுவருக்குப் பின்னால் யாருக்கும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அன்று மத்தியானமே மூட்டைகளை அகற்றவும் குழாயை அடைக்கவும் உத்தரவு போனது. சில வாரங்களில் ஓடைத் தண்ணீர் சோதனையில் தேறியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோட்டத்துப் பள்ளத்தில் பச்சை வந்ததை எல்லோரும்தான் பார்த்தோம். மாட்டுச் சாணமும் அதே வழியில் தோட்டத்து நீரோடையில் சேர்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? புவான் சல்மா பழைய அறிவிப்பை ரத்து செய்த கையோடு புதிதாக ஒன்று எழுதினார்: கொட்டாய்கள் இருக்கலாம், ஆனால் வடிகாலிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும், சாணத்துக்குக் குழி வெட்ட வேண்டும், தோட்ட நிர்வாகம் அதற்கு உதவ வேண்டும். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இந்த முறை பேச அனுமதி இருந்தது. நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். லோரி நின்ற நாள், நான் பொத்தானைத் தட்டியது, புவானிடம் தவறாகச் சொன்ன பதில், ஒன்றையும் விடவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு மாட்டுக்குப் புல் போட்டார்.

"சரி. கொட்டாய தள்ளிக் கட்டுறேன். அது நாயம். செவலைக்கு என்னா சொல்ற?"

கோலா தெர்லாவுக்குப் போனேன். வாங்கியவர் நல்ல மனிதர்தான், ஆனால் மாட்டைக் கொடுக்க மனமில்லை. சினையாக இருக்கிறது, கொடுக்கமாட்டேன் என்றார். இரண்டாம் முறையும் போனேன், அதே பதில். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். "வுடு" என்றார். கோபமாகவும் இல்லை, மன்னித்த மாதிரியும் இல்லை. அதற்குப் பிறகும் என்னோடு பேசினார், டீ கொடுத்தார். ஆனால் யாரிடமாவது என்னைச் சொல்லும்போது, "நம்ம செவலைய வித்த கோபி" என்பார். விற்றது அவர்தான் என்று நான் திருத்தியதில்லை.

எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மட்டும் நீட்டினார்கள்; அதன் பிறகும் வருடா வருடம் அப்படியே நீட்டினார்கள். சுரேஷை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் சொன்னபடியே தானாக எதுவும் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

என்னை விடாமல் அரித்தது வேறு. நான்கு வருடமாக எத்தனை சாயங்காலம் அந்தப் பொத்தானைத் தட்டியிருப்பேன்? புவான் சல்மாவிடம் போய், நான் திருப்பிய கோடுகள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். புது வேலை தேங்கக்கூடாது, அதோடு சேர்த்துப் பார்த்துக்கொள் என்றார். பார்த்தேன். மழை பெய்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள், நான் வெளியே ஓடினேன். மழை இல்லாத நாளில் வாளித் தண்ணீர். தண்ணீர் ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கோட்டுக்கு நீல நிறம் கொடுத்தேன். பார்க்காதவை சாம்பல் நிறத்தில் இருந்தன. இன்னும் நான்கு அம்பு தலைகீழாகக் கிடைத்தது. அந்த நான்கினால் யாருக்கும் அறிவிப்பு போயிருக்கவில்லை, யாரும் புகார் சொல்லவுமில்லை. நான்கையும் என் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். புவான் சல்மா நின்றபடி படித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கட்டம் கூடுதலாக வந்தது: தண்ணீர் ஓடியதை நேரில் பார்த்தவர் யார்? பெயர் இல்லாத கோட்டை வைத்து யாருக்கும் அறிவிப்பு போகக்கூடாது என்று விதி செய்தார் புவான் சல்மா. அவர் ஓய்வு பெற்றபோது அந்த விதி எழுத்தில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் ட்ரோன் சாலையைப் பார்க்கும். பலகைக்கு அடியில் வடிகாலின் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதற்குத் தெரியாது. அது சொல்லும் அம்பைப் போட்டுக்கொள்ளுங்கள், சாம்பல் நிறத்தில்.

நான் விட்டுப்போகும் வரைபடத்தில் பதினொரு கோடு இன்னும் சாம்பலாக இருக்கிறது. அத்தனையும் பிரிஞ்சாங் ஊர்க் கடைகளுக்குப் பின்னால் மூடிக் கட்டிய இடங்கள். கேட்டுக் கேட்டுப் பார்த்தும் கடைக்காரர்கள் பூட்டைத் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, யாரிடம் சாவி கேட்க வேண்டும், எந்தப் பலகை லேசாகத் தூக்க வரும் என்று ஒப்படைப்புக் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மழை தொடங்கிய பிறகு போங்கள். போகும்போது என்னையும் கூப்பிடுங்கள், ரிங்லெட்டில்தான் இருக்கிறேன்.